விட்சண்டே தீவுகளில் பாய்மரப் படகு விடுமுறை: நாமே ஓட்டுவதா, ஸ்கிப்பர் வைப்பதா, டிக்கெட் வாங்கி ஏறுவதா?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையை ஒட்டிய விட்சண்டே தீவுகளுக்குப் போக நினைக்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே கேட்கும் கேள்வி இது. "அங்கே பாய்மரப் படகை லைசென்ஸ் இல்லாமலே வாடகைக்குக் கொடுக்கிறார்களாமே, நாங்களே எடுத்து ஓட்டலாமா? இல்லை, ஓட்ட ஓர் ஆளை, அதாவது ஸ்கிப்பரை, வைத்துக்கொள்ள வேண்டுமா? பேசாமல் டிக்கெட் வாங்கி மற்றவர்களோடு ஏறிவிடலாமா?" சிட்னி, மெல்பர்னில் இருப்பவர்கள் பள்ளி விடுமுறைக்குக் கேட்கிறார்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள், இவ்வளவு தூரம் போய்விட்டுச் சும்மா திரும்பக் கூடாதே என்று கேட்கிறார்கள்.

லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான். ஓரளவு அனுபவம் உள்ள ஒருவரும், அவருக்குக் கைகொடுக்க இன்னொரு பெரியவரும் இருந்தால், சில மணி நேரம் பயிற்சி கொடுத்து 40 அடிப் படகை உங்கள் கையில் விட்டுவிடுவார்கள். அங்கே படகை நகர்த்துவதுகூட அவ்வளவு கஷ்டம் இல்லை. பிற்பகல் 3 மணிக்குக் காற்று திரும்பினால் எந்த விரிகுடாவுக்குப் போவது என்று முடிவெடுப்பதும், ராத்திரி 2 மணிக்கு எழுந்து நங்கூரம் நழுவுகிறதா என்று பார்ப்பதும்தான் கஷ்டம். அந்த இரண்டு வேலைக்கும் உங்கள் கூட்டத்தில் மனசார முன்வருகிறவர் யார்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

காற்று. ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்றுதான் அங்கே ஆட்சி செய்யும். 15 முதல் 25 நாட் வரை, சில சமயம் நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். 20 நாட் என்றால் மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர். பாய்மரத்துக்கு அது நல்ல காற்று. ஆனால் முதல்முறை படகில் ஏறும் அம்மா அப்பாவுக்கு அப்படி இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் காற்று தணியும், தண்ணீரும் சூடேறத் தொடங்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். 2017 மார்ச் 28 அன்று கரையைக் கடந்த டெபி புயல் படகுகள் கிளம்பும் கரையோர ஊரான ஏர்லி பீச் பக்கத்தை நொறுக்கியதோடு, ஹுக் தீவின் வடக்கு விரிகுடாக்களில் இருந்த பவளத்தையும் பெரிய அளவில் அழித்தது.

ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே கடல் 3 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அப்போது தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் வேகமாக ஓடும், தண்ணீரும் கலங்கிவிடும். அதனால் முகமூடி மாட்டிக்கொண்டு பவளம் பார்ப்பதுதான் முக்கியம் என்றால், காலண்டரை எடுத்து அட்டமி, நவமி, தசமி விழும் நாட்களாகப் பார்த்து பதிவு செய்யுங்கள். ஓதம் சிறுத்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். பலர் விமான டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி போடுகிறார்கள். இந்த ஊரில் திதியைப் பார்த்துத் தேதி போடுவது நிஜமாகவே பலன் தரும்.

கூட வருகிறவர்கள். சின்னக் குழந்தைகள், நீச்சல் தெரியாதவர்கள், முட்டிவலிக்காரர்கள், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள். இவர்களில் யார் யார் உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எதைப் பார்க்க ஆசை. இதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். விட்சண்டேயின் 74 தீவுகளும் கடலில் மூழ்கிய மலைகளின் உச்சிகள். அவற்றின் ஓரமாகப் படர்ந்த பவளம் உண்டு, அழகாகவும் இருக்கும். ஆனால் படங்களில் பார்க்கிற பெருந்தடுப்புப் பவளத்திட்டு, இதயம் போன்ற அந்தத் திட்டு உட்பட, இன்னும் வெளியே ஹார்டி ரீஃப் பக்கம் இருக்கிறது. நீங்களே ஓட்டும் வாடகைப் படகை அங்கே கொண்டுபோக அனுமதி கிடையாது. அங்கே போக வேண்டுமானால் ஒரு நாள் ஒதுக்கி, கரையிலிருந்து கிளம்பும் பெரிய வேகப் படகிலோ விமானத்திலோதான் போகணும்.

## 1. நாமே ஓட்டும் படகு

இதைப் பேர்போட் என்பார்கள். ஏர்லி பீச் பக்கம் கம்பெனிகள் இருக்கின்றன. முதல் நாள் பாதி பயிற்சியிலேயே போய்விடும். எஞ்சின், பாய், நங்கூரம், கழிப்பறை, வானொலி, வரைபடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய் ஓட்டச் சொல்லியும் பார்ப்பார்கள். கடைசி நாள் காலையிலேயே படகைத் திருப்பிக் கொடுக்கணும். ஆக, 5 இரவுக்குப் பணம் கட்டினால் கைக்குக் கிடைப்பது 4 முழு நாள்.

விதிகள் உண்டு, அவை நல்லதுக்குத்தான். இரவில் ஓட்டக் கூடாது. பெரும்பாலும் மாலை 4 மணிக்குள் நங்கூரம் போட்டோ மிதவையில் கட்டியோ இருக்க வேண்டும். காலையும் மாலையும் விஎச்எஃப் வானொலியில் கம்பெனி கூப்பிட்டு, எங்கே இருக்கிறீர்கள், ராத்திரி எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்கும். காற்று அதிகமானால் இருந்த இடத்திலேயே இரு என்றும் சொல்லும். உதவி வானொலிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் நங்கூரச் சங்கிலியை இழுப்பது உங்கள் கைதான்.

நங்கூரம் போடுவதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வகை விடுமுறையின் நிம்மதியே அதில்தான் இருக்கிறது. மாலையில் வற்றம் முடிந்த நேரத்தில் ஒரு விரிகுடாவுக்குள் போகிறீர்கள். ஆழம் 5 மீட்டர் காட்டுகிறது. ராத்திரி நீர் 3 மீட்டர் ஏறும், அதோடு படகின் முன்பகுதி தண்ணீருக்கு மேலே 1 மீட்டர் உயரம். மொத்தம் 9. ஐந்து மடங்கு சங்கிலி விட்டால் 45 மீட்டர். இப்போது தெரியும் 5 மீட்டரை மட்டும் வைத்து 25 மீட்டர் விட்டவருக்கு, நடுராத்திரி நீர் ஏறிய பிறகு அந்தச் சங்கிலி மூன்று மடங்குகூட வராது. காற்றும் எழுந்தால் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். இந்தக் கணக்கை ஒவ்வொரு மாலையும் ஒருவர் போட வேண்டும், களைத்துப்போயிருந்தாலும் போட வேண்டும்.

நங்கூரம் எங்கே விழுகிறது என்பது அதைவிட முக்கியம். பவளத்தின் மேல் விழுந்தால், பல வருடம் வளர்ந்தது ஒரே இழுப்பில் உடையும். படகு காற்றுக்குத் திரும்பத் திரும்பச் சங்கிலியும் சுற்றிவந்து அரைக்கும். அதனால்தான் பல விரிகுடாக்களில் வெள்ளைப் பிரமிடு வடிவ மிதவைகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே நங்கூரம் கூடாது. பொதுவான நீலக் கட்டு மிதவைகளும் உண்டு. எவ்வளவு நீளப் படகு, எவ்வளவு காற்று வரை கட்டலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். பகலில் பெரும்பாலானவற்றில் 2 மணி நேரம்தான். பிற்பகல் 3 மணிக்கு மேல் கட்டினால் மறுநாள் காலை வரை இருக்கலாம். இவை எண்ணிக்கையில் குறைவு, முன்பதிவும் கிடையாது. ஹுக் தீவின் பட்டர்ஃபிளை பே போன்ற இடத்தில் மிதவை கிடைக்கும் என்று நம்பிப் போனால் இன்னொரு இடத்தையும் மனசில் வைத்துக்கொண்டு போங்கள். 2016இலிருந்து திரும்பத் திரும்ப வெப்பத்தால் வெளுத்துக்கொண்டிருக்கும் பவளம் அது. நம் சங்கிலியும் சேர்ந்து அதை உடைக்க வேண்டாம். அந்தக் கோட்டை மதிக்க மனசில்லாதவர் படகு எடுக்காமல் இருப்பதே மேல்.

இடத் தேர்வும் காற்றைப் பொறுத்ததுதான். எல்லோரும் போக ஆசைப்படும் 7 கிலோமீட்டர் வெள்ளை மணல் ஒய்ட்ஹேவன் கடற்கரை, விட்சண்டே என்றே பெயர் கொண்ட பெரிய தீவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. தென்கிழக்குக் காற்று பலமாக இருக்கும் வாரத்தில் அங்கே இரவு தங்கினால் படகு விடிய விடிய உருளும். அங்கே போகும் வழியான சால்வே, ஹுக் நீர்வழிகளில் நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதினால் அலை குத்துக்குத்தாக எழும். அந்த வாரத்தில் ஹுக் தீவின் வடக்கு விரிகுடாக்களும் நாரா இன்லெட்டும்தான் சுகம். நாரா, நீண்டு உள்ளே போகும் அமைதியான இடம். சேறு என்பதால் நங்கூரமும் நன்றாகப் பிடிக்கும். கரையேறிப் படிகளில் நடந்தால் அந்தத் தீவுகளின் ஆதி மக்களான நாரோக்களின் குகை ஓவியங்களைப் பார்க்கலாம். சிட் ஹார்பரும் இரவு தங்க நல்ல இடமே. ஆனால் 2018இல் அங்கே மூன்று சுறாத் தாக்குதல்கள் நடந்தன, அதில் ஒருவர் இறந்தார். அங்கே தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

அப்புறம் சமையல். இது ஒரு பெரிய லாபம். உங்கள் அடுப்பு, உங்கள் சாம்பார். ஏர்லி பீச் பக்கத்து கேனன்வேலில் பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. பருப்பு, புளி, சாம்பார் பொடியை பிரிஸ்பேனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவர முடியாது, வேறு எந்த உணவுப் பொருளையும் விமான நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். படகு ஆடும்போது எண்ணெய் சட்டியில் தாளிக்காதீர்கள். காலையில் நங்கூரத்தில் நிற்கும்போதே தாளித்து முடித்துவிடுங்கள். நல்ல தண்ணீர் தொட்டியில் உள்ளது மட்டுமே என்பதால், பாத்திரத்தை முதலில் கடல் தண்ணீரில் அலசி, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீர் விடுவது வழக்கம்.

யாருக்கு ஏற்றது: கூட்டத்தில் ஒருவராவது இதற்கு முன் பாய்மரப் படகு ஓட்டியிருக்கிறார், இன்னொருவர் தெம்பாக உதவுவார், மற்றவர்கள் "இன்றைக்கு ஒய்ட்ஹேவன் போக முடியாது" என்று சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்படியானால் இதைவிட நல்ல விடுமுறை அங்கே கிடையாது.

## 2. அதே படகு, கூடவே ஸ்கிப்பர்

நாள்கூலிக்கு ஒரு ஸ்கிப்பரை அமர்த்திக்கொள்ளலாம். படகு உங்களுடையது, சமையல் உங்களுடையது, நேரம் உங்களுடையது. நங்கூரக் கணக்கும் நடுராத்திரிக் கவலையும் மட்டும் அவருடையது. இடம் தெரிந்தவர் என்பதால் எந்த நீர்வழியை எந்த மணிக்குக் கடக்கணும், ஒய்ட்ஹேவனின் வடகோடியைப் பார்க்கும் ஹில் இன்லெட் மேட்டுக்கு நடந்துபோக டங் பேயில் எந்த ஓதத்தில் டிங்கியில் (படகோடு வரும் சின்னப் படகில்) கரையேறணும் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாலு நாளில் நீங்களாகப் போனால் பார்ப்பதைவிடக் கூடுதலாகப் பார்ப்பீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இரண்டு. அவருக்கு ஓர் அறை வேண்டும். நாலு அறைப் படகில் மூன்றுதான் உங்களுக்கு, ஆகவே எட்டுப் பேர் கணக்குப் போட்டவர்கள் ஆறு பேராகக் குறைய நேரிடும், தலைக்கு ஆகும் செலவு ஏறும். அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு நீங்கள்தான் போடணும். நம் வீட்டுச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறவர்களே அதிகம், இருந்தாலும் காரம் பற்றி முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வயதானவர்களும் குழந்தைகளும் கலந்த குடும்பத்துக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு நிபந்தனை: ஒற்றை உடல் படகு வேண்டாம், இரட்டை உடல் கேட்டமரான் எடுங்கள். அது சாய்ந்து ஓடாது, சமையல்கட்டும் உட்காரும் இடமும் ஒரே தளத்தில் இருக்கும், பாட்டி ஏணி இறங்க வேண்டியதில்லை. வாடகை கூடத்தான். ஆனால் இந்தக் காசைத்தான் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஸ்கிப்பரோடு சமையல்காரரும் சேர்ந்த முழுச்சேவைப் படகும் உண்டு. திருமண நாள், அறுபதாம் கல்யாணம் என்று ஏதாவது விசேஷம் இருந்தால் யோசிக்கலாம். மற்றபடி அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு இரவு கூடுதலாகக் கடலில் இருக்கலாம்.

இடைப்பட்ட வழி ஒன்றும் இருக்கிறது. முதல் நாள் மட்டும் வழிகாட்டி ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, அவர் இறங்கிய பிறகு நீங்களே தொடர்வது. ஓட்டத் தெரியும், அந்தக் கடல்தான் புதிது என்கிறவர்களுக்கு இது கச்சிதம்.

## 3. டிக்கெட் வாங்கி ஏறும் படகு

ஏர்லி பீச்சிலிருந்து 2 பகல் 2 இரவு என்று கிளம்பும் படகுகள் நிறைய. சில பழைய பந்தயப் படகுகள். பாய் விரித்தால் பறக்கும். தனியாகப் போகிறவர்களுக்கும் இருபதுகளில் இருக்கும் நண்பர்களுக்கும் செலவு குறைவான, சந்தோஷமான வழி. ஒய்ட்ஹேவன், ஹில் இன்லெட் மேடு, ஒன்றிரண்டு ஸ்நார்கலிங் இடம் என்று எல்லாம் அடங்கிவிடும்.

படுக்கை அடுக்குப் படுக்கை, கழிப்பறை எல்லோருக்கும் பொது. பல படகுகளில் குழந்தைகளை ஏற்றுவதில்லை. வயது வரம்பைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். சில கொண்டாட்டப் படகுகள், சில அமைதியானவை. இரண்டையும் மாற்றி ஏறினால் இரண்டு நாளும் வீண். சைவம் என்று முன்கூட்டியே எழுதிச் சொல்லாவிட்டால் ரொட்டியும் சாலடும்தான். உடம்பை மூடும் லைக்ரா உடையின் வாடகை, குடிபானம், கடல் பூங்காக் கட்டணம் ஆகியவை டிக்கெட் விலைக்கு வெளியே இருக்கலாம்.

## 4. கரையில் தங்கி, பகலில் மட்டும் கடல்

கடல் மயக்கம் உள்ளவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், இரண்டே நாள் உள்ளவர்கள் இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் பாய்மரக் கேட்டமரானில் தீவுகள், ஒரு நாள் வேகப் படகில் வெளித்திட்டு என்று போனால், முதல் வகைக்காரர்கள் பார்க்காத ஹார்டி ரீஃப் பவளத்தையும் பார்த்துவிடுவீர்கள். இழப்பது ஒன்றுதான்: பகல் படகுகள் எல்லாம் திரும்பிப் போன பிறகு, விரிகுடாவில் நாம் மட்டும் இருக்கும் அந்த மாலை.

## விலைக்கு வெளியே நிற்கும் செலவுகள்

| | நாமே ஓட்டுவது | ஸ்கிப்பரோடு | டிக்கெட் படகு | கரையில் தங்குவது |
|---|---|---|---|---|
| சேதத்துக்கான முன்பணம் | உண்டு, பெரிய தொகை | உண்டு. நிபந்தனை கேளுங்கள் | இல்லை | இல்லை |
| சாப்பாடு | நம் செலவு | நம் செலவு, ஸ்கிப்பருக்கும் | பெரும்பாலும் அடங்கும் | ஓட்டல் அல்லது அறைச் சமையல் |
| எரிபொருள் | கடைசியில் கணக்கு | கடைசியில் கணக்கு | அடங்கும் | அடங்கும் |
| இழக்கும் நேரம் | முதல் நாள் பாதி, கடைசி நாள் பெரும்பாலும் | கொஞ்சம் குறைவு | குறைவு | தினமும் போக வர |
| முதல் நாளுக்கு முந்தின இரவு அறை | வேண்டும் | வேண்டும் | பெரும்பாலும் வேண்டும் | சேர்ந்தது |

முன்பணம் பற்றி ஒரு வார்த்தை. தினமும் ஒரு தொகை கட்டினால் அதைக் குறைத்துக்கொள்ளலாம் என்பார்கள். கட்டிவிடுங்கள். ஆனால் டிங்கியின் மோட்டார், அடைத்துப்போன கழிப்பறை இவை அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். அடிக்கடி கெடுவது பெரிய பாய் இல்லை, இவைதான். சாதாரணப் பயணக் காப்பீடு படகை நீங்களே ஓட்டும்போது வரும் சேதத்தைப் பொதுவாக ஏற்காது.

கழிவுத் தொட்டியும் கவனிக்க வேண்டியது. கரை, தீவு, பவளத்திட்டு எதிலிருந்தும் 1 கடல் மைலாவது தள்ளிப்போய்த்தான் அதைத் திறக்கலாம். எட்டுப் பேர் இருக்கும் படகில் தொட்டி சீக்கிரம் நிரம்பும். தினசரி வழியைப் போடும்போதே அதற்கும் ஓரிடம் ஒதுக்குங்கள்.

## எந்த மாதம், எந்த வகை

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி போட அந்தக் கடலுக்கு வரும். பார்த்தால் எஞ்சினைத் தணித்து 300 மீட்டர் தள்ளியே நிற்கணும். அந்த மாதங்களில் ஜூன், ஜூலையின் பலமான காற்றுக்கு ஸ்கிப்பர் வைப்பதே சரி. ஆகஸ்டில் ஹாமில்டன் தீவில் படகுப் பந்தய வாரம் நடப்பதால் இடமும் விலையும் இறுகும்.

செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் வரை, நாமே ஓட்ட நினைக்கும் புதியவர்களுக்கு நல்ல காலம். வடக்குக் காற்று தலைகாட்டினால் மட்டும் ஹுக் தீவின் வடக்கு விரிகுடாக்களை விட்டு நகர்ந்துவிட வேண்டும். குவீன்ஸ்லாந்துப் பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிர்த்தால் மிதவையும் கிடைக்கும்.

நவம்பர் முதல் மே வரை கொடிய ஜெல்லி மீன்கள் இருக்கும் காலம். பெட்டி ஜெல்லியும், விரல் நகமளவே உள்ள இருகாண்ட்ஜி ஜெல்லியும் உயிருக்கே ஆபத்து. உடம்பு முழுக்க மூடும் லைக்ரா உடை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, படகில் வினிகர் பாட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். புயல் மாதங்களில் வந்தால், புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கரையில் தங்கும் வகையை எடுங்கள்.

## பணம் கட்டும் முன் கம்பெனிக்கு எழுத வேண்டியவை

படகு எந்த ஆண்டு கட்டப்பட்டது? நல்ல தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், நன்னீராக்கும் கருவி உண்டா? எந்தெந்த விரிகுடாக்களுக்குப் போக உங்கள் கம்பெனி அனுமதிப்பதில்லை? காற்றால் ஒரு நாள் துறைமுகத்திலேயே நிற்க நேர்ந்தால் அந்த நாளுக்கு என்ன செய்வீர்கள்? குழந்தைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கிறதா, படகின் ஓரத்தில் வலை கட்டித் தருவீர்களா? பயிற்சி முடிந்த பிறகு எங்களுக்கே நம்பிக்கை வராவிட்டால், அன்றே ஸ்கிப்பர் கிடைப்பாரா, கட்டணம் என்ன?

கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கம்பெனியிடம், நாமே ஓட்டும் படகைத் தைரியமாகப் பதிவு செய்யலாம்.